தெளிந்த கையெழுத்து

வடசேரிச் சந்தையருகே ஒரு சிறு மருத்துவமனையில் மருந்து எடுத்துக்கொடுப்பவர் அவர். மெலிந்த உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி. சீட்டை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தே படிப்பார். முதிய மருத்துவரின் நடுங்கும் எழுத்து அவர் ஒருவருக்கே விளங்கும்.

மனைவியைக் கொல்லக் கருதிய ஒருவன், மருத்துவர் எழுதியதுபோல் பொய்ச்சீட்டு எழுதி, இவர் கையாலேயே மருந்து வாங்கிச் சென்றான். அப்பெண் இறந்தாள். அவன் பிடிபட்டான், இவர்மீது குற்றமில்லை என்றது காவல்துறை.

"ஐயம் எழவில்லையா?" என்றேன், என் மருந்துச்சீட்டை அவரிடம் நீட்டியபடி.

"எழுத்து அம்புட்டு தெளிவு ஐயா. டாக்டருக்க கைநடுக்கம் மாறிட்டுன்னு சந்தோசப்பட்டுட்டேன். இல்லேன்னா, அளவு கூடுதலா இருக்கேன்னு உள்ள போயி கேட்டிருப்பேனே!"

பின், மருத்துவர் நடுங்கும் கையால் எழுதிய என் சீட்டையும், சரிதானா என்று அவரிடமே கேட்டுவர உள்ளே சென்றார். அவர் திரும்பும்வரை, அமர மனமின்றி நின்றிருந்தேன்.