அப்பாவின் பெரிய ஆபீசர்

அப்பா தென்காசியில் காட்டிலாகா ரேஞ்சராக இருந்தபோது, அவருக்கு மேலதிகாரியாக வந்த டி.எப்.ஓ. மாமா அவரோடு ஆலங்குளத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர். அதை வெளியில் சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்காது. மாமா திருநெல்வேலியிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினால், அப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக சல்யூட் அடிப்பார். எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் சார்தான். ரசம் ஊத்திக்கோங்க சார் என்பார். அம்மா அடுக்களைக்குள் போய்ச் சிரிப்பாள். மாமா மட்டும் வீட்டுக்குள் வந்துவிட்டால் அப்பாவை ஏலே என்றுதான் கூப்பிடுவார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒரு வாரப் பத்திரிகையில் செவ்வாய்க் கிரகத்துக்கு ராக்கெட்டில் போகிற தொடர்கதை வந்துகொண்டிருந்தது. அதில் கேப்டனும் உதவி கேப்டனும் உயிர்ச் சிநேகிதர்கள். ஆனாலும் ராக்கெட்டுக்குள் ‘உத்தரவு, கேப்டன்’ என்றுதான் பேசிக்கொள்வார்கள். நானும் அண்ணனும் முன்னறைப் பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு, தினமும் செவ்வாய்க்குப் போய்வந்துகொண்டிருந்தோம்.

சாரல் பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் மாமா வந்தார். குற்றாலத்துக்கு மேலே, அப்பாவின் பொறுப்பில் இருந்த காட்டில், யாரோ தேக்கு மரங்களை வெட்டிக் கடத்திவிட்டார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று காட்டுக் காவலர் சொன்னதை நம்பி அப்பா வெகுநாளாக அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிட்டார். அதை விசாரிக்கத்தான் மாமா வந்திருந்தார். இதெல்லாம் பின்னாளில் அம்மா சொல்லித் தெரிந்தது. அன்று நான் கண்டது, காப்பி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்ததைத்தான்.

நான் போய் இருவரையும் கையைப் பிடித்து இழுத்துவந்து ராக்கெட்டில் ஏற்றினேன். எங்கள் அப்பா ஆயிற்றே, அவரைக் கேப்டன் ஆக்கினேன். மாமா உதவி கேப்டன். அப்பா பதறிப்போய், பிள்ளைக்கு விவரம் தெரியாது சார் என்று எழுந்திருக்கப் பார்த்தார். மாமா அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். பிறகு அவரே எழுந்து, அப்பா நிற்பதைப்போலவே விறைத்து நின்று சல்யூட் அடித்தார்.

“கேப்டன், ராக்கெட்டுல ஓட்டை விழுந்திருக்கு. நான் மேல சொல்லித்தான் ஆகணும்.”

கதையில் அப்படி வரவே இல்லை என்று அண்ணன் முணுமுணுத்தான். அப்பா மாமாவை ஏறிட்டுப் பார்த்தார்.

“சொல்லுலே,” என்றார். “அது ஒன் வேலைல்லா.”

அப்பா அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மாமா கையை இறக்கினார். ஆறின காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஆட்டத்தைப் பாதியில் கெடுத்துவிட்டாரே என்று எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் அப்பாவைப் பதவி இறக்கி வடக்கே மாற்றிவிட்டார்கள். நாங்கள் ரயிலுக்குக் காத்திருந்தபோது மாமா யூனிபார்மோடு ஸ்டேஷனுக்கு வந்தார். அப்பா வழக்கம்போல சல்யூட் அடித்து சார் என்றார். மாமாவும் பதிலுக்கு சல்யூட் அடித்து, நல்லபடியாப் போய்ட்டு வாங்க ரேஞ்சர் என்றார்.

ரயில் வந்ததும் மாமா குனிந்து எங்கள் இரும்பு டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார். டிரைவர் ஓடிவந்து கேட்டும் கொடுக்கவில்லை. சட்டையெல்லாம் துருவாக, கூட்டத்தில் முண்டிக்கொண்டு உள்ளே போய், பெட்டியைப் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டு, யாரையும் பார்க்காமல் இறங்கிப்போனார். அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இவ்வளவு பெரிய ஆபீசருக்கு ஒரு போர்ட்டர்கூடவா கிடைக்கவில்லை என்று நான் அம்மாவைக் கேட்டேன். கடையநல்லூர் தாண்டும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.