பல்வலியும் முறுக்கும்

வெளிநாடு வந்து, மெரிலேண்ட்ஸ் பக்கம் ஒரு கிடங்கில் நானும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரும் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தோம். இருவரும் கேஷுவல். வந்த நாளுக்குத்தான் சம்பளம். வீட்டில் ஒருவர் படுத்தால் சம்பளமும் கூடவே படுத்துக்கொள்ளும். அண்ணையின் மனைவிக்கு அடுத்த மாதம் பித்தப்பை ஆபரேஷன். இரண்டு வாரம் பக்கத்தில் ஆள் வேண்டும்.

"எங்களுக்கும் சம்பளத்தோட லீவு தாங்கோ எண்டு மாநில அரசிட்டக் கேப்பம், தம்பி" என்றார்.

மனு தயாரானது. எழுதியவர் அண்ணை, கமா போட்டவன் நான். கோயில் வாசலில் நின்றும், கிடங்கில் ரகசியமாகவும் கையெழுத்துகள் வாங்கினோம். பரமட்டாவில் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகம் செவ்வாய்க்கிழமை காலை வரச் சொன்னது.

லீவு கேட்கப் போவதற்கு லீவில்லை! உண்மையைச் சொன்னால் அடுத்த வாரம் ஷிப்ட் கிடைக்காதோ என்று பயம். அண்ணை சூப்பர்வைசர் பெண்மணிக்குப் போன் செய்து காய்ச்சல் என்றார். நான் கொஞ்சம் கற்பனை சேர்த்து, வாயே திறக்க முடியாத பல்வலி என்று ஐந்து நிமிடம் பேசினேன்.

வெறுங்கையோடு எங்கும் போகாத வம்சம் நாங்கள். அண்ணையின் மனைவி ஒரு டப்பா முறுக்கு கொடுத்தனுப்பினார். அலுவலகப் பெண் மனுவை வாங்கினார், முறுக்கையும் வாங்கினார், எல்லோருக்கும் நீட்டிவிட்டு ஒரு போட்டோவும் எடுத்தார். மறுநாள் அது பேஸ்புக்கில். இடப்பக்கம் காய்ச்சல்காரர், கோட்டும் டையுமாக. வலப்பக்கம் நான், கடைவாயில் முறுக்கு.

சூப்பர்வைசர் எங்களைக் கூப்பிட்டார்.

"பல் எப்படி இருக்கிறது?"

கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் போனைத் திருப்பிப் படத்தைக் காட்டினார்.

"முறுக்கையாவது ஒளிச்சிருக்கலாமே, தம்பி?" என்று அண்ணை கிசுகிசுத்தார்.

"நீங்க டையை ஒளிச்சிருக்கலாமே, அண்ணை?"

"நானும் கேஷுவல்தான்" என்றார் சூப்பர்வைசர். "என் அம்மாவுக்கு டயாலிசிஸ். என்னிடம் ஏன் கையெழுத்து வாங்கவில்லை?"

அவர் தலையைக் கண்டாலே மனுவைப் பெட்டிக்குள் ஒளித்த வீரர்கள் நாங்கள்.

மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு அந்த இரண்டு வாரமும் சூப்பர்வைசர் அண்ணைக்கு மாலை ஷிப்டும் எனக்குக் காலை ஷிப்டும் போட்டார். அண்ணை வேலைக்குக் கிளம்பியதும் அவர் மனைவிக்கு நான் துணை. மூன்றாம் நாள் பல்வலிக் காட்சியை நடித்துக் காட்டினேன்.

"ஐயோ தம்பி, நிப்பாட்டுங்கோ, தையல் பிரியப்போகுது!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் அண்ணை வாசலிலேயே மறித்தார். "உள்ள போம். ஆனா இண்டைக்கு உமக்கு உண்மையாவே பல்வலி. வாயே திறக்கேலாது, விளங்கிச்சோ?"