இடுப்பு, தலை, முடி

மெர்சி என்ற பெயர் ரோசம்மாள் காதில் முதன்முதலில் விழுந்தது, அவள் தம்பி ஸ்டீபன் சோறு வேண்டாம் என்று சொன்ன ஒரு காலையில். கவரைப்பேட்டைப் பக்கம் இரும்பு உருக்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து பசியோடு வந்து விழுகிறவன் அன்றைக்குத் தட்டைத் தள்ளிவிட்டு, "மெர்சி குடுத்துச்சி, சாப்ட்டேன்" என்றான்.

"எந்த மெர்சி? யாரு ஊட்டுப் பொண்ணு?"

"எங்க பக்கத்து தெர்மாகோல் கம்பெனில வேல செய்யுது. அத்திப்பட்டு. அந்தோணின்னு, அவரு பொண்ணு."

அவ்வளவுதான், ரோசம்மாள் சொந்தத்தைத் துழாவ ஆரம்பித்துவிட்டாள். மின் நிலையத்துக்குக் கரி அள்ளப் போன அந்தோணி. அந்த அந்தோணியின் தங்கையைக் கட்டியவர் இவர்கள் அப்பாவுக்குப் பெரியப்பா மகன். அப்படியானால் கட்டிவந்தவள் சித்தி, அவள் அண்ணன் அந்தோணி மாமன், மெர்சி மாமன் மகள். கட்டிக்கொள்கிற முறைதான். அது தெளிவான பிறகுதான் அவள் தட்டை எடுத்துக் கழுவப் போனாள்.

அந்த வருஷமே கல்யாணம் ஆயிற்று. மெர்சி ஒல்லி, ஆனால் குரல் பெரிசு. கம்பெனியில் மோல்டிங் பிரிவில் நிற்பாள். ஆவியில் வெந்து வருகிற வெள்ளைக் கட்டியைக் கையால் ஒரு தட்டுத் தட்டினால், உள்ளே வெந்திருக்கிறதா இல்லையா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

புதுவாயலில், ரோசம்மாள் வீட்டுக்கு எதிரே சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறையில் அவர்கள் குடியிருந்தார்கள். ஸ்டீபனுக்கு எப்போதும் ராத்திரி ஷிப்ட். காலையில் வந்து படுத்தால், பத்து மணிக்கெல்லாம் ஷீட் தோசைக்கல்லாகக் காயும். கல்கத்தா ரோட்டு லாரிகள் ஓயாமல் ஹாரன் அடிக்கும். புரண்டு புரண்டு படுப்பான். கடைசியில் ரோசம்மாள்தான் அவன் கட்டிலைத் தன் வீட்டு உள்ளறையில் போட்டுக்கொண்டாள். அங்கேயும் ஷீட்தான், ஆனால் ரோட்டுக்கு ஒரு சுவர் தள்ளி. அவன் தூங்கும் நேரத்தில் குக்கரில் விசில் போட மாட்டாள். மீன்காரி கூட அந்த வாசலைத் தாண்டித்தான் கூவுவாள்.

அப்படியும் போதவில்லை. ஒரு சித்திரை மாசம், உருக்கிய இரும்பை ஊற்றுகிற இடத்தில் நின்றபடியே ஸ்டீபன் கண்ணயர்ந்துவிட்டான். பக்கத்திலிருந்தவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். பூட்ஸ் ஒன்று கருகியது, கால் தப்பியது. இன்னொரு தரம் இப்படி ஆனால் கேட்டுக்கு வெளியேதான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வேலை போவது இருக்கட்டும், இன்னொரு தரம் என்றால் ஆளே இருக்க மாட்டான் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகுதான் மெர்சி அந்தப் பேச்சை எடுத்தாள்.

"அண்ணி, எங்க கம்பெனில செவுத்துக்குன்னே ஒரு கட்டி போடறோம். நடுவுல காலியா இருக்கும். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, கம்பி உட்டு, உள்ள கான்கிரீட் ஊத்தணும். தெர்மாகோல பிரிக்கவே வேணாம், அப்டியே செவுரோட நிக்கும். யார்டுல ஒரு ரூம் கட்டி வெச்சிருக்காங்க. கதவ சாத்துனா பாய்லர் சத்தமே கேக்கல. சூடும் இல்ல."

"இன்னாடி சொல்ற? மீன் பொட்டில ஊடு கட்டப்போறியா? எங்க தம்பிய ஐஸ் போட்டு மூடி வெப்பியா?"

"ஆமா அண்ணி. வெயில்ல கெட்டுப்போயிட்டா யாரு வாங்குவா அவர?"

ரோசம்மாள் சிரித்துவிட்டாள். சிரித்ததோடு, தெருவுக்கு அந்தப் பக்கம் அப்பா விட்டுப்போன நிலத்தில் தன் பாகத்துக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஆனால் புதுவாயல் முழுக்க அது மீன்பெட்டி வீடுதான். டீக்கடையில், "மழ வந்தா மெதந்துக்கினு போவும்" என்று கூட ஒருத்தன் சொன்னான்.

வெள்ளைச் சுவர் நான்கு பக்கமும் எழும்பி நின்றது, உள்ளே வெறும் கம்பியோடு. கம்பெனி இன்ஜினியர் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் போனார். ஒரே இடத்தில் மேல்வரைக்கும் ஊற்றக் கூடாது. கொஞ்ச உயரம் ஊற்றி, வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்து, பிறகு அடுத்த உயரம். இல்லாவிட்டால் ஈரக் கான்கிரீட்டின் பாரம் தாங்காமல் கட்டி வெடித்துவிடும்.

மெர்சி சிவப்புப் பெயிண்டை எடுத்துச் சுவரைச் சுற்றி மூன்று கோடு போட்டாள். முதல் கோட்டில் 'இடுப்பு', இரண்டாவதில் 'தலை', உச்சியில் 'முடி'.

மேஸ்திரி மணிகண்டன் படித்துவிட்டு, "இன்னாம்மா இது, முடி?" என்றான்.

"தலைக்கு மேல முடிதானண்ணே? அதோட முடிச்சிட்டுப் போங்க."

கான்கிரீட் போட்ட அன்று காலை ஸ்டீபன் ஷிப்ட் முடிந்து வந்து, "நானும் நிக்கறேங்கா" என்றான். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. ரோசம்மாள் விடவில்லை. அவனைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

ரெடிமிக்ஸ் லாரி வந்தது. கலவை இறுகுவதற்குள் முடிக்க வேண்டும் என்று டிரைவர் இறங்கும்போதே அவசரப்படுத்தினான். பின்னால் வருகிற இரண்டாவது லாரிக்கு வழி காட்ட மெர்சி தெருமுனைக்குப் போனாள். சாரத்தின் மேல் மணிகண்டன் பம்ப் குழாயைப் பிடித்துக்கொண்டு ஈசானி மூலையில் தொடங்கினான்.

கர்த்தருக்கு எல்லா மூலையும் ஒன்றுதான் என்று கோயிலில் ஃபாதர் சொல்லியிருக்கிறார். ஆனால் ரோசம்மாளுக்கு ஈசானி மூலை வேறே. அப்பா கட்டிய வீட்டில் அந்த மூலை மழையால் பாதியில் நின்றது. அந்தத் தை மாசமே அப்பா போய்விட்டார். பாதி மூலை வீட்டு ஆம்பளைக்கு ஆகாது என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். கலவை சிவப்புக் கோட்டைத் தொட்டு, மணிகண்டன் குழாயை நகர்த்தப் போனபோது அவள் சாரத்துக்கு அடியில் ஓடிவந்தாள்.

"மணிகண்டா! அந்த மூலைய பாதில உடாத. மேல மட்டும் நெறப்பிட்டுப் போ."

"இடுப்புன்னு எழுதிருக்கே?"

"மத்ததெல்லாம் அப்டி செய். இந்த ஒரு மூல மட்டும். எந்தம்பி நல்லா இருக்கணும்ல?"

மணிகண்டனும் மூலை பார்க்கிறவன்தான். தலையாட்டிவிட்டுக் குழாயைத் திருப்பினான். கலவை தடதடவென்று இறங்கியது. தலையைத் தாண்டியது. முடிக்குக் கிட்டப் போனது. ரோசம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அதே நேரத்தில் சுவர் கீச்சென்றது, யாரோ தெர்மாகோலைக் கண்ணாடியில் தேய்த்த மாதிரி. ரோசம்மாளுக்கு அது வெறும் சத்தம். தெருமுனையில் நின்ற மெர்சிக்கு அது வேறு. செருப்பை உதறிவிட்டு ஓடிவந்தாள்.

"நிறுத்து! பம்ப்ப நிறுத்து!"

வெள்ளைச் சுவர் நெஞ்சு உயரத்தில், நிறைமாசக்காரி வயிறு போலப் புடைத்துக்கொண்டிருந்தது. கட்டிக்கும் கட்டிக்கும் நடுவே சாம்பல் நிறத் தண்ணீர் கசிந்தது.

"யாரு மேல வரைக்கும் உட சொன்னது?"

மணிகண்டனின் கண் ரோசம்மாள் பக்கம் போயிற்று. ரோசம்மாள் புடைத்த இடத்தையே பார்த்தாள். இந்த மூலை வெடித்தால் அடுத்ததும் சாயும். இன்னொரு கோடையும் ஷீட்டுக்கு அடியிலேயே போகும். ஸ்டீபன் மறுபடியும் அந்த நெருப்புக்கு முன்னால் போய்த் தூங்கி வழிவான்.

"பலக வேணும்! அகலமா, பெருசா!" மெர்சி முதுகைச் சுவரில் கொடுத்துக் கத்தினாள். இருந்த பலகையெல்லாம் ஜன்னலுக்கும் கதவுக்கும் அடித்தாகிவிட்டது.

அகலமான பலகை ஒன்றுதான் மிச்சம். அது ஸ்டீபனின் கட்டிலில் இருந்தது, அவனும் அதன் மேல் இருந்தான். எத்தனையோ நாள் காக்காயைக்கூடக் கல்லால் அடித்து அந்தத் தூக்கத்தைக் காத்தவள், கதவை உதைத்துத் திறந்தாள்.

"ஏந்திரிடா! ஊடு உழுவுது!"

பாயோடு அவனை உருட்டிவிட்டுப் பலகையை உருவினாள். ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை அரைத்தூக்கத்தில் அவன் பிடித்தான். தெருவைக் கடந்து ஓடினார்கள். மூலையில் பலகையைச் சாத்தி, சவுக்குக் கட்டையை முட்டாகக் கொடுத்து, அக்காளும் தம்பியும் தோளைக் கொடுத்து நின்றார்கள். பலகைக்குப் பின்னால் சுவர் முனகுவது ரோசம்மாளின் தோள் எலும்பில் கேட்டது.

"கத்தி!" என்றாள் மெர்சி.

"எதுக்குடி?"

"குடுங்க அண்ணி!"

ரோசம்மாள் வீட்டு மீன் அரிகிற கத்தி வந்தது. பலகைக்குப் பக்கத்தில், 'இடுப்பு' என்று எழுதிய கோட்டுக்கு நேர் மேலே, தன் சுவரைத் தானே அறுத்தாள் மெர்சி. ஒரு சாண் சதுரத்துக்குக் கட்டியைப் பெயர்த்தாள். கான்கிரீட் கொட்டி அவள் வெறுங்காலை மூடியது. அவள் நகரவில்லை. கம்பியை விட்டுக் குத்திக் குத்தி, கோட்டுக்கு மேலே இருந்ததையெல்லாம் வெளியே இறக்கினாள். மேலேயிருந்து மணிகண்டன் தட்டால் வாரி எறிந்தான். கொஞ்சம் கொஞ்சமாக முனகல் அடங்கியது.

"நான்தான் மெர்சி சொன்னேன்," என்றாள் ரோசம்மாள். "மூலய நெறப்புன்னு நான்தான்…"

"தெரியும் அண்ணி. மணிகண்டன் அண்ணன் கண்ணு யாரு மேல போச்சுன்னு நான் பாத்தேனே. அழுவாதீங்க, முட்டு நழுவுது பாருங்க."

லாரிக்காரன், "இன்னாம்மா பேஜாரா கீது, எறங்கலன்னா வண்டிலயே கல்லாயிடும்" என்று ஹாரனை அடித்தான். மெர்சி பெயர்த்த துண்டைத் திருப்பி வைத்து, பலகையை அதன் மேல் தள்ளி, இன்னொரு முட்டு கொடுத்தாள். மணிகண்டன் ஈசானி மூலையைப் பாதியிலேயே விட்டுவிட்டு அடுத்த பக்கம் நகர்ந்தான். ரோசம்மாள் அந்தப் பாதி மூலையைப் பார்த்தபடியே நின்றாள். அவன் ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடி அங்கே குழாயை வைக்கும்வரை அவள் உதட்டில் ஜெபம் நிற்கவில்லை. இரண்டாவது சுற்று தலை. மூன்றாவது சுற்று முடி. பலகை அசையவில்லை.

மெர்சியின் கால்விரலெல்லாம் சிமெண்ட் தின்று ஒரு வாரம் தோல் உரிந்தது. பலகையை எடுத்தபோது அந்த மூலை லேசாக உப்பித்தான் இருந்தது. பூசியும் அது மறையவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால், "அது எங்க அண்ணியோட தொப்ப" என்பாள். ரோசம்மாள், "ஆமாண்டி, ஒன்ன மாதிரி ஒட்டடக் குச்சியா நானு?" என்பாள்.

குடிபோன மறுநாள் ஸ்டீபன் காலை எட்டு மணிக்குக் கதவைச் சாத்திப் படுத்தான். பதினொன்று ஆயிற்று, மூன்று ஆயிற்று, கதவு திறக்கவில்லை. ரோசம்மாளுக்குத்தான் பயம் வந்து மெல்லத் திறந்து பார்த்தாள். வாயைத் திறந்துகொண்டு தூங்கினான், அதே பலகையின் மேல். ஒரு ஓரத்தில் கான்கிரீட் இன்னும் ஒட்டியிருந்தது.

மெர்சி இப்போது புதுவாயலில் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். தினமும் காலை ஷிப்டுக்குத் தெர்மாகோல் கம்பெனிக்குப் போகிறாள், மோல்டிங்கில்தான் வேலை.