ஏசி அக்காவும் பட்டதாரித் தம்பியும்

மணியை அடித்துவிட்டு ஓரடி தள்ளி நிற்பாள். கதவைத் திறக்கிறவர்கள் அவளைத் தாண்டிப் படிக்கட்டைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். "மெக்கானிக் எங்கேம்மா?"

"நான்தாங்க. பின்னாடி யாரும் வரலை, கதவைச் சாத்திக்கலாம்" என்று சிரித்தபடி உள்ளே நுழைவாள்.

அந்தப் பக்கத்துத் தெருக்களில் அவளுக்கு ஏசி அக்கா என்றே பெயர். இயந்திர இரைச்சலிலேயே பழகியவள்; வீட்டிலும் கத்தித்தான் பேசுவாள். ஏசிக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டி, நாடி பிடிக்கிறவள் மாதிரி கண்ணை மூடிக்கொள்வாள். "கேஸெல்லாம் இருக்கு. அழுக்குதான் அடைச்சிருக்கு" என்பாள். ஊருக்கெல்லாம் குளிரூட்டுகிறவள் வீட்டில் ஒரே ஒரு மின்விசிறி. அதையும் வேகமாக வைக்க விடமாட்டாள், சளி பிடிக்குமாம்.

அப்பா படுத்த படுக்கையானபோது கல்லூரியை விட்டுவிட்டு, ஒரு வருடத் தொழிற்பயிற்சியில் சேர்ந்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். பயிற்சி முடிந்த கையோடு வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் தம்பியைப் பட்டம் வாங்க வைத்தாள். "நீ ஸ்பானர் தூக்கக் கூடாதுடா, நாற்காலியில உக்காரணும்" என்று ஓயாமல் சொல்லிச் சொல்லியே படிக்க வைத்தாள்.

தம்பி நாற்காலியில் உட்கார்ந்தும்விட்டான். சம்பளம் அவளுடையதில் பாதி. போன வாரம் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே கேட்டான்: "அக்கா, நானும் நீ படிச்ச கோர்ஸ்ல சேர்ந்துடவா?"

"அப்போ உன்னை எதுக்குடா படிக்க வச்சேன்?" என்றாள். மூச்சு விடுவதற்குள், "ஏன், நான் மட்டும் என்ன கெட்டா போயிட்டேன்?" என்று தனக்குத்தானே எதிர்க்கட்சியும் ஆடினாள். காலையில் "சேர்ந்துதான் பாரேன்" என்பவள், சாயங்காலம் தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கும்போது "இந்தப் பொழப்பு உனக்கு வேணாம்" என்பாள். அவன் முழிப்பான். அவளும்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்குக் கிளம்பியபோது, "சும்மா பாக்கத்தான்" என்று அவனும் கூடவே வந்தான். மொட்டைமாடிச் சுவரில் உயரமாக மாட்டியிருந்தது ஏசியின் வெளிப்பெட்டி. அவள் பையைத் திறப்பதற்குள் அவன் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டான்.

"ஏறட்டுமாக்கா?"

ஏறு என்று சொல்ல வாய் வரவில்லை. இறங்கு என்றும் வரவில்லை. பையை அப்படியே போட்டுவிட்டு, ஏணியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.