பன்னிரண்டாவது வளையம்

பூமாலையின் கீழுதட்டுக்குத் தெரிந்தது பட்டறையின் பூதக்கண்ணாடிக்குத் தெரியாது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்தவள், திண்டிவனத்தில் அரங்கநாதனின் ரப்பர் பட்டறைக்கு வளையம் சோதிக்க வந்தாள். வளையத்தை உதட்டில் வைத்து ஒரு சுற்று இழுப்பாள். மயிரிழைக் கீறல் இருந்தாலும் உதடு காட்டிக்கொடுத்துவிடும். "புருசனுக்குக்கூட இவ்ளோ முத்தம் குடுத்திருக்க மாட்டா" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலடிப்பார்கள்.

எண்பத்தாறில் நீர்மூழ்கிக் கப்பலுக்கு வளையம் கேட்டு ஆர்டர் வந்தது. ரஷ்யாவிலிருந்து உதிரிபாகம் வர ஒரு வருஷம் ஆகுமாம். இது எதுக்குங்க என்று பூமாலை கேட்கப்போக, அரங்கநாதன் விளக்க ஆரம்பித்துவிட்டார். கப்பலை மேலே கீழே திருப்புகிற வால் சுக்கானை எண்ணெய் அழுத்தம்தான் அசைக்கும். அந்த எண்ணெய் கசியாமல் வளையம் பிடித்து நிறுத்தும். வளையத்தில் கீறல் இருந்தால் சுக்கான் சொன்னபடி கேட்காது, உள்ளே இருக்கிற எழுபது பேரும் மேலே வர மாட்டார்கள். மனுஷன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

பன்னிரண்டு வளையங்களும் விசாகப்பட்டினத்துக்குக் கிளம்ப வேண்டிய நாளன்று, பூமாலை காலையிலேயே விழுப்புரம் போய்ச் சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். திரும்புகிற பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டும்போதும் பல் டாக்டர் போட்ட ஊசியில் உதடு கட்டை மாதிரி மரத்துக் கிடந்தது. பார்சல்காரன் பட்டறை வாசலில் அவசரப்படுத்திக்கொண்டு நின்றான். ஒவ்வொரு வளையமாக உதட்டில் இழுத்தாள், ஒன்றுமே தெரியவில்லை. நல்ல வளையம், அதனால்தான் தெரியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

மரப்பு சாயங்காலம் விட்டது. பயம் அப்போதுதான் பிடித்தது. சோற்றில் கை வைத்தால் எழுபது பேர் மூச்சுக்குத் தவிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. கிணற்றில் வாளி முழுகுவதைப் பார்க்க முடியாமல் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்தாள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவளுக்கு வீட்டுக்குள்ளேயே பயம். நாலாம் நாள் அரங்கநாதன் முன்னால் போய் நின்றாள்.

"ஒதடு மரத்துப்போயி இருந்துச்சுங்க மொதலாளி. பாத்தேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். பாக்கல."

அவர் கத்தித் தீர்த்தார். பிறகு தந்தி கொடுத்தார். நல்ல மனுஷன்தான். பதினொரு வளையங்கள் திரும்பி வந்தன. மிச்சம் ஒன்றை மாட்டிக்கொண்டு கப்பல் கடலுக்குள் போய்விட்டதாம். வந்த பதினொன்றையும் உதட்டில் இழுத்தாள். ஒன்றில்கூடக் கீறல் இல்லை. வேறு யாராக இருந்தாலும் அப்பாடா என்றிருப்பார்கள். அந்தப் பாவி மகளுக்கோ, அப்படியானால் கீறல் அந்த ஒன்றில்தான் இருக்கிறது என்று பட்டது.

ஐம்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது. கப்பல் கரை சேர்ந்துவிட்டது, எல்லோரும் சுகம். வளையத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டிவிட்டார்கள். கீறல் இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. பூமாலை எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து அழுதாள். மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தாள்.

அந்த வாரம் கழிவுக் கூடை நிரம்பி வழிந்தது. அரங்கநாதன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், விரலால் தடவினார், மற்றப் பெண்களையும் பார்க்கச் சொன்னார். அத்தனையும் நல்ல வளையங்கள். ஏம்மா, நல்லதை எல்லாம் எதற்குக் கழிக்கிறாய் என்று தணிவாகத்தான் கேட்டார். பூமாலை கூடையிலிருந்து ஒன்றை எடுத்து மறுபடியும் உதட்டில் இழுத்தாள்.

"இல்லீங்க. எல்லாத்துலயும் கீறல் இருக்குதுங்க."