குடிக்காதவரின் தள்ளாட்டம்

என் கணவர் கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர். குடியை விடுவதாக மாதா கோயிலில் சத்தியம் செய்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அன்று மதியம் கடலிலிருந்து தள்ளாடிக்கொண்டே வந்து வாசலிலேயே வாந்தி எடுத்தார். முகத்தைப் பார்த்தேன். இரண்டு கருவிழிகளும் ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுத்தன.

"மாதா முன்னால சத்தியம் பண்ணிட்டு இப்படி வந்து நிக்கீரே, வெக்கமா இல்ல?" என்று கத்தினேன்.

"ஏளா, நான் குடிக்கல. காது இரையுது, எல்லாம் சுத்துது" என்றார்.

வாயை முகர்ந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். போதை தெளியட்டும் என்று எலுமிச்சம்பழத்தைத் தலையில் தேய்த்துப் படுக்கப் போட்டேன். சத்தியத்தை மீறியதற்கு மாதா கொடுத்த தண்டனை என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நானும் தலையாட்டினேன்.

மூன்றாம் நாளும் அவரால் எழ முடியாதபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"கண்ணு இப்படித் தானா ஆடுறது போதையில வரும், சில மாத்திரையால வரும், மூளைக் கோளாறுலயும் வரும். இவருக்குக் கடல் அழுத்தத்துல உள்காது கெட்டிருக்கு. அன்னைக்கே வந்திருக்கலாமேம்மா" என்றார் டாக்டர்.

வலது காது போனது. அத்தோடு கடலும் போனது.

இப்போது எங்கள் தெருவில் கடலுக்குப் போனவர் யார் தள்ளாடி வந்தாலும், திட்டுகிறவர்களை விலக்கிவிட்டு முதலில் ஆட்டோவைக் கூப்பிடுகிறேன்.

ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். நான் உட்கார்ந்தது வலது பக்கம்.

"என்னளா சொல்லுத?" என்றார்.

"சாப்பிட வாரும்னு சொன்னேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு எழுந்தேன்.