ஓட மறக்கிற ஜெறோமுக்கே முதலிடம்: ரெய்னர்ஸ் லேனிலிருந்து எட்மண்டன் வரை ஒரு ஞாயிறு

போன கிழமை இந்தப் பக்கத்தில் எங்கள் லண்டன் பேஸ்போல் லீக்கின் அரைப்பருவக் கணிப்பை எழுதியிருந்தேன். ஆறு அணிகளும் பாதி ஆட்டங்களை முடித்திருந்த நேரம். அடிக்கிறவர்களில் முதலிடத்தை எட்மண்டன் அணியின் ஜெறோமுக்குக் கொடுத்தேன். கொடுத்ததுதான் தாமதம், வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஓடத் தெரியாதவனுக்கு முதலிடமோ அக்கா?" என்றார் ஒருவர். "உங்கட சொந்தக்காரனோ?" என்றார் இன்னொருவர். சொந்தமும் இல்லை, ஒன்றுமில்லை. அவன் மன்னார், நான் யாழ்ப்பாணம். ஆட்டம் பார்க்கப் போய்த்தான் பழக்கம். சரி, இன்னொரு தரம் நேரில் பார்த்துவிட்டே பேசுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிட்டேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குப் பிரச்சினையைச் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட்டில் பந்தை அடித்தபின் ஓடலாம், ஓடாமலும் நிற்கலாம். பேஸ்போலில் பந்து கோட்டுக்குள் போனால் துடுப்பு மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடியே ஆகவேண்டும். மூலைக்கு ஒன்றாக இருக்கும் மூன்று பேஸையும் சுற்றி, அடித்த இடத்திலிருக்கும் வெள்ளைத் தட்டை வந்து மிதித்தால் ஒரு ஓட்டம். ஜெறோம் இருபது வயதுவரை மன்னாரில் கிரிக்கெட் ஆடியவன். அழகாக அடிப்பான். அடித்துவிட்டு, பந்து எங்கே போகிறது என்று நின்று பார்ப்பான். இந்தப் பருவத்தில் மட்டும் மூன்று தரம் அப்படி நின்றே ஆட்டமிழந்தான். 

ரெய்னர்ஸ் லேனில் காலை 10.40க்கு பிக்கடில்லி ரயில். வூட் கிரீன் வரை மாறத் தேவையில்லை, ஆனால் ஒன்றேகால் மணித்தியாலம் எடுக்கும். அந்த நேரத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கே போய்விடலாம். வூட் கிரீனில் இறங்கி, எட்மண்டன் கிரீன் போகும் 144 பஸ் எடுத்தேன். ரயிலும் பஸ்ஸும் சேர்த்து ஒரு வழிக்கு ஏறக்குறைய ஐந்தரைப் பவுண்.

பஸ் சாரதி நம்மவர். அணிக்காகப் பொரித்த றோல்ஸ் என் கையில் ஒரு பை நிறைய இருந்தது, அதைப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா, றோல்ஸ் மணம் இஞ்சை வரைக்கும் வருது. ஆற்றையும் பேர்த்டேயோ?"

"இல்லைத் தம்பி, பேஸ்போல் மச்."

"அதுக்கும் எங்கட சனம் போகுதோ?"

"வந்து பாரும், தெரியும்."

ஒரு றோல் நீட்டினேன். ஷிப்டில் சாப்பிட ஏலாது என்று மனமில்லாமல் மறுத்தார்.

இறங்கிப் பன்னிரண்டு நிமிட நடை. மைதானத்தை அடையும்போது மணி 12.35. ஜெறோம் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து நேரே வந்திருந்தான். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டைக்கு மேலேயே அணிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். முகத்தில் சிரிப்பே இல்லை.

"என்னடா, காய்ச்சலோ?"

"இல்லை அக்கா. இண்டைக்கும் ஓடாமல் நிண்டால் ரெண்டாம் ரீமுக்குப் போ எண்டு கப்டன் சொல்லிப்போட்டார். அங்கை போனால் பிறகு ஆர் என்னைப் பாக்கப்போறாங்கள்? கிழமை முழுக்க டெலிவரி வான் ஓடுறன். எனக்கு எண்டு இருக்கிறது இந்த ஒரு நாள்தான்."

கப்டன் சரவணன் மலேசியாவிலிருந்து படிக்க வந்து, இங்கேயே வேலையில் அமர்ந்தவர். நல்ல மனிதர், ஆனால் சொன்னால் சொன்னதுதான். அவரிடம் போய் வாதாடிப் பார்த்தேன். "மூணு தடவை பொறுத்துட்டேன் அக்கா. மத்த பசங்க கேட்டா நான் என்ன பதில் சொல்றது லா?" என்றார். 

எதிரணி ஃபாரஸ்ட் கேட். என் கணிப்பில் அவர்களுக்குத்தான் அணிகளில் முதலிடம், அதை மாற்ற மாட்டேன். அவர்களுடைய பந்துவீச்சாளனின் வேகத்துக்கு லீக்கில் ஆளில்லை. ஆனால் ஆறாம் சுற்றுக்குப் பிறகு கை சோர்ந்துவிடும், வாய் மட்டும் சோராது. எட்மண்டனுக்கு நேர்மாறு: வீச்சு பரவாயில்லை, அடி நல்லது, பிடிப்பதென்றால் கடவுள் விட்ட வழி. அன்றைக்கும் அப்படியேதான் நடந்தது. ஏழாவது, கடைசிச் சுற்றில் ஃபாரஸ்ட் கேட் 6, எட்மண்டன் 4. எட்மண்டனுக்கு இரண்டு பேர் பேஸ்களில், இரண்டு பேர் அவுட். இன்னொருவர் அவுட்டானால் கதை முடிந்தது. அடிக்க வந்தவன் ஜெறோம்.

முதல் பந்தை விட்டான். இரண்டாவதை அடித்தான். சத்தத்திலேயே தெரிந்தது. பந்து எல்லைக்குக் கட்டிய செம்மஞ்சள் வேலிக்கு மேலால் போய் மரங்களுக்குள் விழுந்தது. பேஸ்களில் நின்ற இருவரும் ஓடிவந்து தட்டை மிதித்தார்கள். 6க்கு 6. வேலியைத் தாண்டினாலும் அடித்தவன் சுற்றி வந்தால்தான் ஓட்டம். இனி ஜெறோம் சுற்றி வந்தால் வெற்றி.

ஜெறோம் நின்றான். நின்றது போதாதென்று துடுப்பை உயர்த்திச் சனத்துக்குக் காட்டினான். பிறகு குனிந்து, துடுப்பு நுனியால் நிலத்தைத் தட்டிச் சமப்படுத்தத் தொடங்கினான்.

 றோல்ஸ் பையை அப்படியே போட்டுவிட்டு, ஓரக் கோட்டுக்கு வெளியே முதலாம் பேஸ் பக்கம் பாய்ந்தேன். "ஓடடா ஜெறோம், உன்ரை அம்மாவாணை ஓடு" என்று தொண்டை கிழியக் கத்தினேன். திடுக்கிட்டு நிமிர்ந்தான். ஓடினான், துடுப்போடேயே. மூன்று பேஸையும் மிதித்துச் சுற்றி வந்து, கிரிக்கெட்டில் கோட்டைத் தொடுவதுபோலத் துடுப்பை நீட்டித் தட்டைத் தொட்டுவிட்டு நின்றான். நடுவர் அசையவில்லை. "கால், கால்" என்று மொத்த அணியும் கத்த, காலை எடுத்து வைத்தான். 7க்கு 6.

தூக்கிச் சுற்றினார்கள் பாருங்கள். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. என் முதலிடத்தைக் கேலி செய்த எல்லோரும் அந்த மைதானத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் சரவணன் சிரிக்காமல் வந்தார். "ஏன்டா நின்ன?"

"சிக்ஸ் அண்ணை. சிக்ஸுக்கு ஆர் ஓடுறது?"

சரவணன் அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தன் தலையிலிருந்த அணித் தொப்பியைக் கழற்றி என் கையில் வைத்தார். "இவன் முதல் டீம்லயே இருக்கட்டும். ஆனா முதல் பேஸ் பக்கத்துல நின்னு ஓடச் சொல்ற பயிற்சியாளரா நீங்க நிக்கணும் அக்கா, எல்லா மேட்ச்சுக்கும். இவன் அடிச்சா கத்துங்க."

போக விரும்புகிறவர்களுக்கு: நுழைவு இலவசம். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலை நடக்கும், முதல் நாளே பார்த்துவிடுங்கள். நிழல் கிடையாது, தொப்பியும் குடையும் இரண்டும் தேவை. சாப்பாடு கொண்டுபோங்கள். அரைப்பருவக் கணிப்பை ஒரு எழுத்தும் மாற்றவில்லை. இனி அதைப் பற்றிச் சண்டை பிடிக்க வருகிறவர்கள் என்னைப் பார்வையாளர் பக்கம் தேடாதீர்கள். முதலாம் பேஸுக்கு வாருங்கள், வேலையில் நிற்பேன்.